சிட்னி நிறுவனத்தின் ஸ்பான்சர் விசா: 41 வயதில் குடும்பத்தோடு புறப்படலாமா?

கோவைப் பொறியாளன் | 2025 செப்டம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் 16 ஆண்டுகளாகப் பணியாற்றும் இயந்திரப் பொறியாளன் நான். வயது 41 ஆண்டு 4 மாதம். மனைவி தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மேற்குச் சிட்னியில் சுரங்கங்களுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் பம்புகளை அமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம், மூன்று சுற்று நேர்காணலுக்குப் பிறகு, 482 என்னும் தற்காலிக வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்து என்னை எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 98,000 ஆஸ்திரேலிய டாலர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் பத்து நாட்களாக எனக்குச் சரியான உறக்கம் இல்லை. இந்த வேலையை எனக்கு முதலில் தெரிவித்த சென்னை முகவர், ஸ்பான்சர் கடிதம் வாங்கித் தருவதற்கு 7 லட்சம் ரூபாய் கேட்கிறார். பணி ஒப்பந்தத்திலோ, மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் நிறுவனம் செய்த 'விசா தொடர்பான அனைத்துச் செலவுகளையும்' நான் திருப்பித் தர வேண்டும் என்றொரு விதி இருக்கிறது. இவை இரண்டையும் எப்படியாவது கடந்துவிட்டாலும், இந்த வயதில் போய், நிரந்தர வசிப்புரிமை கிடைக்காமல் நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தால், மகளின் படிப்பு நடுவழியில் நின்றுவிடுமே என்ற அச்சம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெறியாளர் | செப்டம்பர் 14

நிறுவனத்தின் பெயரையோ முகவரின் பெயரையோ யாரும் இங்கே கேட்க வேண்டாம், எழுதவும் வேண்டாம். விதிகளைப் பற்றி எழுதும்போது, அவை எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தவை என்பதையும் இயன்றவரை குறிப்பிடுங்கள். பழைய விதியை நம்பி முடிவெடுத்தவர்கள் பட்ட துன்பத்தை இந்தக் களத்தில் பலமுறை பார்த்திருக்கிறோம்.

பெர்த் வாசி | செப்டம்பர் 14

தம்பி, முதலில் அந்த 7 லட்சம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் செய்வதற்குக் கைமாறாகப் பணமோ வேறு பயனோ கேட்பதும் பெறுவதும் 2015 டிசம்பர் 14 முதல் ஆஸ்திரேலியச் சட்டப்படி குற்றம். கொடுப்பவரும் கொடுக்க முன்வருபவரும்கூட அபராதத்துக்கு உள்ளாவார்கள். கிடைத்த விசா ரத்தாகவும் கூடும். ஆகவே, ஏமாந்தவர் என்ற இரக்கம்கூட உங்களுக்குக் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள். விசா விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்கும் வேலைக்காக ஒருவர் தொழிற்கட்டணம் வாங்குவது வேறு. ஸ்பான்சர் கடிதத்துக்கு விலை வைப்பது வேறு. உங்கள் முகவர் கேட்பது இரண்டாவது வகை என்பது அவருடைய சொற்களிலேயே இருக்கிறது.

இந்தியப் பக்கமும் சட்டம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரும் பணியாளரிடம் 30,000 ரூபாய்க்கும் அதன்மீதான வரிக்கும் மேல் வாங்கக் கூடாது. பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். அதைவிட முக்கியமாக, நேர்காணல் செய்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு நேரடியாக எழுதி, இந்தத் தொகை அவர்களுக்குத் தெரிந்துதான் கேட்கப்படுகிறதா என்று கேளுங்கள். அந்த மின்னஞ்சலை இன்றே அனுப்புங்கள்.

இனி என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அச்சத்துக்கு அதில் பாதி விடை இருக்கிறது. நான் 2013 ஜூலையில், சுரங்கத் தொழில் உச்சத்தில் இருந்தபோது, இன்றைய 482க்கு முன்பிருந்த பழைய 457 வேலை விசாவில் திருச்சியிலிருந்து பெர்த்துக்கு வந்தேன். இரும்புத்தாதுவின் விலை சரிந்ததும் 2015 ஜூனில் எங்கள் பிரிவையே மூடினார்கள். 457 விசாவில் இருந்தவருக்கு வேறு ஸ்பான்சர் தேட அப்போது 90 நாட்கள்தான். புதிய நிறுவனத்தின் நாமினேஷனுக்கு, அதாவது இந்த வேலைக்கு இவரை எடுக்கிறோம் என்று அரசிடம் அது கொடுக்கும் விண்ணப்பத்துக்கு, ஒப்புதல் வராமல் அங்கே ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. மனைவி கருவுற்றிருந்தார். வாடகை, மருத்துவக் காப்பீடு, மளிகை எல்லாம் சேமிப்பிலிருந்து கரைய, நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்த எனக்கு, 71ஆம் நாள், பெர்த்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கால்கூர்லியில் வேலை உறுதியானது. அதுவரை முதல் நிறுவனத்தில் உழைத்த 23 மாதங்கள் நிரந்தர வசிப்புரிமைக் கணக்கில் சேரவில்லை. ஒரே நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் என்பது அன்றைய விதி. பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கி 2017 இறுதியில்தான் விண்ணப்பிக்க முடிந்தது.

இன்றைய நிலை அப்படி இல்லை. அந்த 90 நாள் 2016 நவம்பரில் 60 நாளாகச் சுருங்கியது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் ஒரே நேரத்தில் 180 நாட்கள் வரையிலும், விசாவின் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாட்கள் வரையிலும் வேறு ஸ்பான்சர் தேடலாம் என்று மாற்றினார்கள். அந்த இடைவெளியில் வேறு நிறுவனத்தில், வேறு தொழிலில்கூட வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொள்ளலாம். 2024 டிசம்பர் 7 முதல், அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் வேலை செய்திருந்தாலும் அந்தக் காலம் 186 என்னும் நிரந்தர வசிப்புரிமை விசாவுக்குக் கணக்கில் சேரும். இந்த இரண்டு மாற்றங்களும் 2015இல் இருந்திருந்தால், எங்கள் குடும்பம் பட்ட பாட்டில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

மெல்பன் கணக்காளர் | செப்டம்பர் 15

பெர்த் அண்ணா சொன்னவற்றோடு ஊதியத்தைப் பற்றி எழுதுகிறேன். கடிதத்தில் 'எல்லாம் சேர்த்து' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொற்களை அலட்சியமாகக் கடந்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஊழியருக்காக முதலாளி கட்டும் ஓய்வூதியச் சேமிப்பைச் சூப்பர் என்பார்கள். 2025 ஜூலை 1 முதல் அது 12 விழுக்காடு. 98,000 டாலருக்குள் சூப்பரும் அடங்கும் என்றால் உங்கள் அடிப்படை ஊதியம் 87,500 டாலர்தான். 482 விசாவின் முதன்மைத் திறன் பிரிவுக்கான வருமான வரம்பு 2025-26 நிதியாண்டுக்கு 76,515 டாலர். அது சூப்பரைச் சேர்க்காமல் பார்க்கப்படுவது. 87,500 அதைத் தாண்டிவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் ஆஸ்திரேலியருக்கு அங்கே என்ன தருகிறார்களோ அதற்குக் குறையாமல் உங்களுக்கும் தர வேண்டும் என்பது தனி விதி.

2025-26 நிதியாண்டின் வரி விகிதப்படி, 87,500 டாலருக்கு வருமான வரி சுமார் 17,040 டாலர் வரும். மெடிகேர் என்னும் அரசு மருத்துவத் திட்டம் உங்களுக்குக் கிடையாது என்பதால், உரிய சான்றிதழ் பெற்று மெடிகேர் தீர்வையிலிருந்து விலக்குக் கோரலாம். கையில் மாதம் ஏறத்தாழ 5,870 டாலர் நிற்கும். ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழாதீர்கள். வாடகை வாரக் கணக்கில் போகும். குடும்பம் முழுவதற்கும் தனியார் மருத்துவக் காப்பீடு விசாவின் நிபந்தனையாகவே இருக்கும். மகப்பேற்றுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கும் பொதுவாக 12 மாதக் காத்திருப்பு உண்டு. ஒருவருடைய ஊதியத்தில் நான்கு பேர் சிட்னியில் வாழ்வது இயலாத காரியம் அன்று, ஆனால் முதல் ஆண்டில் சேமிப்பு என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

திரும்பிவிட நேர்ந்தால் சூப்பர் தொகையை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வெளியேறும்போது பொதுவாக அதில் 35 விழுக்காடு வரியாகப் பிடித்துவிடுவார்கள்.

வெண்ட்வர்த்வில் யாழவள் | செப்டம்பர் 15

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். கணவரின் ஸ்பான்சர் விசாவில் துணைவியாகச் சிட்னிக்கு வந்தேன். உங்கள் மனைவியும் என்னைப் போலக் கணித ஆசிரியை என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்படிப்பட்ட உரையாடல்களில் மனைவியின் தொழில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அவருக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகால உழைப்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டுத்தான் அவர் விமானம் ஏற வேண்டும்.

482 விசாவில் துணைவருக்கு எந்த வேலையும் செய்ய முழு உரிமை உண்டு, அது பெரிய ஆறுதல். ஆனால் ஆசிரியராவதற்குத் தகுதி மதிப்பீடும் மாநிலப் பதிவும் வேண்டும். மதிப்பீட்டுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வில் பேசுதலிலும் கேட்டலிலும் 8, வாசித்தலிலும் எழுதுதலிலும் 7 எடுக்க வேண்டும். நான் ஆங்கில வழியில் கற்பித்தவள். அப்படியிருந்தும் பேசுதலில் 7.5இலேயே இரண்டு முறை நின்றுவிட்டேன். பதிவு பெற்று வகுப்பறைக்குள் நுழையப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதுவரை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கிருந்த சிறுவர்களிடம் நான் கற்றது நிறைய; என்றாலும் கரும்பலகையை நினைத்து அழுத இரவுகளும் இருந்தன. உங்கள் மனைவி இப்போதே தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும். பட்டம், பி.எட்., மதிப்பெண் பட்டியல், பணிச் சான்று எல்லாவற்றையும் அங்கேயே பல்கலைக்கழகத்தில் நேரில் போய் வாங்கி வையுங்கள். கடல் கடந்து வந்தபின் ஒரு தாளுக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தற்காலிக விசாவில் இருப்போரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலும் ஆண்டுக் கட்டணம் உண்டு. மேல் வகுப்புகளுக்கு அது கூடும். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தால் நல்ல தொகையாகும். விலக்குக் கோர வழிகள் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். கட்டணத்தை ஏற்கும்படி அல்லது ஊதியத்தைச் சற்று உயர்த்தும்படி நிறுவனத்திடம் கையெழுத்துக்கு முன்னரே கேளுங்கள்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்டில் ஹில், டூங்காபி, வெண்ட்வர்த்வில் பகுதிகளில் நம் மக்கள் நிறைய இருக்கிறார்கள். மேஸ் ஹில் முருகன் கோவிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனால் வாடகை வீட்டுக்குச் சான்று சொல்லவும் யாராவது கிடைப்பார்கள். வைப்புத்தொகை நான்கு வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது.

கோவைப் பொறியாளன் | செப்டம்பர் 17

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என் மனைவி யாழவள் அக்காவின் பதிவை இரண்டு முறை படித்தார். பேசாமல் எழுந்து போய்த் தன் சான்றிதழ்க் கோப்பை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

நிறுவனத்துக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. தாங்கள் எந்த முகவரையும் பணம் வாங்க அமர்த்தவில்லை, விளம்பரத்தை அவர் தன் பக்கத்தில் பகிர்ந்திருக்கலாம், இனி எல்லாத் தொடர்பும் தங்கள் மனிதவள அலுவலரோடும் பதிவு பெற்ற குடிவரவு முகவரோடும் மட்டும் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் குடிவரவு முகவரின் ஏழு இலக்கப் பதிவு எண்ணை அரசுத் தளத்தில் சரிபார்த்துவிட்டேன். 98,000க்குள் சூப்பரும் அடக்கம்தான் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்பந்த விதியைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன்: ஒப்பந்தத்தில் என் பதவி 'களச் சேவை மேற்பார்வையாளர்' என்று இருக்கிறது.

பெர்த் வாசி | செப்டம்பர் 17

தம்பி, அந்தப் பதவிப் பெயரைப் படித்ததும் எனக்குத் திடுக்கென்றது. உங்களை இயந்திரப் பொறியாளர் என்ற தொழிலில், அதாவது 233512 என்ற குறியீட்டில், நாமினேட் செய்யப்போகிறார்கள் என்றால் ஒப்பந்தத்தின் பதவியும் பணி விவரமும் அதற்குப் பொருந்த வேண்டும். விசா கையில் வந்த பிறகு நாமினேட் செய்யப்பட்ட தொழிலை மட்டுமே நீங்கள் அந்த நிறுவனத்தில் செய்யலாம். உண்மையில் செய்வது மேற்பார்வை வேலையாக இருந்தால், அது நிபந்தனை மீறல் ஆகும். இரண்டு ஆண்டு கழித்து 186 விண்ணப்பத்தின்போது அதிகாரி ஒப்பந்தத்தையும் நிறுவன அமைப்பு வரைபடத்தையும் எடுத்துப் பார்ப்பார், அப்போது அந்த இரண்டு ஆண்டு உழைப்பும் கேள்விக்குள்ளாகும். வடிவமைப்பு, கணக்கீடு, தொழில்நுட்ப அறிக்கை ஆகியவை உங்கள் அன்றாட வேலையில் உண்மையாகவே பெரும்பகுதியாக இருக்குமா என்று கேளுங்கள். இருக்கும் என்றால் பெயரை மாற்றி எழுதச் சொல்லுங்கள். இருக்காது என்றால், எவ்வளவு வலித்தாலும், அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

ஒப்பந்த விதியைப் பொறுத்தவரை, ஸ்பான்சர் ஆவதற்கான செலவு, நாமினேஷன் கட்டணம், அதற்காக அவர்கள் அமர்த்திய குடிவரவு முகவரின் கட்டணம், ஆள் தேடிய செலவு ஆகியவற்றை உங்களிடமிருந்து வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியர்களின் பயிற்சி நிதிக்காக நாமினேஷனோடு கட்டும் தீர்வையும் முழுக்க முழுக்க முதலாளியின் பொறுப்பு: ஆண்டு விற்றுமுதல் 1 கோடி டாலருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு விசாவின் ஓராண்டுக்கு 1,200 டாலர், அதற்கு மேற்பட்டதற்கு 1,800 டாலர். நான்கு ஆண்டு விசாவுக்கு அது 7,200 வரை போகும் என்பதால்தான் இப்படி ஒப்பந்தத்தில் நுழைக்கப் பார்க்கிறார்கள். உங்களுக்கும் குடும்பத்துக்குமான விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் வேறு. அதை நீங்களே கட்டலாம், அவர்கள் கட்டினால் திருப்பித் தருவதாக உடன்படலாம். ஆகவே 'அனைத்துச் செலவுகளும்' என்பதை 'விசா விண்ணப்பக் கட்டணம்' என்று சுருக்கச் சொல்லுங்கள்.

மெல்பன் கணக்காளர் | செப்டம்பர் 18

வயதுக் கணக்கை யாரும் முழுதாகப் போடவில்லை, நான் போடுகிறேன். 482 விசாவுக்கு வயது வரம்பு இல்லை. 186 விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 45 நிறைவடைந்திருக்கக் கூடாது. உங்களுக்கு 2029 மே மாதம் 45. 2026 ஜனவரியில் வேலையில் சேர்ந்தால், கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டு முழுநேர வேலை என்ற தகுதி 2028 ஜனவரியில் நிறைவேறும். கைவசம் 16 மாதம் மிச்சம். நடுவில் வேலை போய், புதிய ஸ்பான்சர் கிடைக்க ஆறு மாதம் ஆனாலும் வயது இடிக்காது. ஆனால் புறப்படுவதையே ஓராண்டு தள்ளிப்போட்டால் அந்த மிச்சம் நான்கு மாதமாகச் சுருங்கிவிடும்.

உங்களை உண்மையில் நெருக்குவது மகளின் காலம்தான். அவர் 2026இல் பத்தாம் ஆண்டில் சேர்ந்தால் 2028 இறுதியில் பன்னிரண்டை முடிப்பார். பல்கலைக்கழகம் 2029 தொடக்கத்தில். அதற்குள் நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டால் உள்நாட்டு மாணவராக அரசு மானிய இடத்தில் சேரலாம். வராவிட்டால் வெளிநாட்டு மாணவர் கட்டணம், அது பல மடங்கு. வசிப்புரிமை வந்தாலும் குடியுரிமை இல்லாதவருக்குப் பொதுவாக அரசின் கல்விக் கடன் கிடையாது என்பதால் மானியக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும். ஆகவே 2028 ஜனவரியில் தகுதி வந்த வாரமே விண்ணப்பம் போக வேண்டும். அதற்கு நிறுவனம் உடன்படும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்க முயலுங்கள். அவர்களைச் சட்டப்படி கட்டாயப்படுத்தாவிட்டாலும், மனமாற்றம் வந்தால் முன்கூட்டியே தெரிய அது உதவும்.

ஆங்கிலத் தேர்விலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 482க்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஒவ்வொரு பிரிவிலும் 5 போதும். ஐந்து ஆண்டுகள் ஆங்கில வழியில் உயர்நிலை அல்லது உயர்கல்வி படித்திருந்தால் தேர்வே தேவையில்லை. 186க்கு அந்தச் சலுகை இல்லை, ஒவ்வொன்றிலும் 6 வேண்டும். கடைசி மாதத்தில் தேர்வு எழுதித் தவறி, வயதைத் தாண்டிவிட்ட ஒருவரை நான் அறிவேன்.

வெண்ட்வர்த்வில் யாழவள் | செப்டம்பர் 18

கணக்காளர் தம்பியின் கணக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். மகள் இந்தியாவில் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டு வந்தால், இங்கே பத்தாம் ஆண்டின் முதல் பருவம் முடிந்திருக்கும். அது பெரிய இழப்பு அன்று. பதினோராம் ஆண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளைகள்தான் திணறுகிறார்கள். ஆகவே கணவர் ஜனவரியில் வந்து வீடு பிடிக்க, மற்றவர்கள் ஏப்ரலில் வருவது நல்லது. மூன்று மாதப் பிரிவு கடினம்தான்.

கோவைப் பொறியாளன் | செப்டம்பர் 26

நிறுவனம் பதவியை 'இயந்திரப் பொறியாளர் - பம்ப் அமைப்புகள்' என்று மாற்றி, வாரத்தின் பெரும்பகுதி வடிவமைப்பும் கணக்கீடும்தான் என்று பணி விவரத்தைப் புதிதாக எழுதி அனுப்பியிருக்கிறது. செலவு விதியை விசா விண்ணப்பக் கட்டணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிக் கட்டணத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஆனால் அடிப்படை ஊதியத்தை 91,000 டாலராக உயர்த்திச் சூப்பரைத் தனியே தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சென்னை முகவரிடம் பணம் தர முடியாது என்று சொன்னபோது அவர் கோபமாகப் பேசினார், கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. எனக்கு இங்கே மூன்று மாத முன்னறிவிப்புக் காலம். நாமினேஷன் ஒப்புதல் வந்ததும் ராஜினாமா கொடுத்துவிடலாமா?

பெர்த் வாசி | செப்டம்பர் 26

கூடாது. ஸ்பான்சர் அங்கீகாரம், நாமினேஷன், விசா ஆகிய மூன்றும் தனித்தனி முடிவுகள். உடற்பரிசோதனையிலோ காவல்துறைச் சான்றிலோ ஒரு சிறு கேள்வி எழுந்தால்கூட விசா வாரக்கணக்கில் நின்றுவிடும், அப்போது இரு கரையிலும் ஊதியம் இருக்காது. விசா கையில் வந்த பிறகே கடிதம் கொடுங்கள். நாட்டுக்குள் நுழைந்து 90 நாட்களுக்குள் வேலையில் சேர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த 90 நாள் நீங்கள் விமானம் இறங்கிய பிறகே தொடங்குகிறது, எனவே மூன்று மாத முன்னறிவிப்பை அமைதியாக முடித்துவிட்டு வரலாம். சேரும் நாளை மட்டும் நிறுவனத்தோடு இப்போதே பேசிவையுங்கள்.

16 ஆண்டுப் பணிக்கான சான்று, பணி விடுவிப்புக் கடிதம், ஊதியச் சீட்டுகள், படிவம் 16 எல்லாவற்றையும் நிறுவன முத்திரையோடு வாங்கி வாருங்கள். சான்றில் பதவிப் பெயர் மட்டும் போதாது, என்னென்ன வேலை செய்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும். ஜனவரியில் சிட்னி வெயிலாக இருக்கும், பெட்டியில் கம்பளி உடைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டாம்; சான்றிதழ்க் கோப்புகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.